பேரேட்டின் சாவி யாரிடம்?

நம் சங்கத்தின் உறுப்பினர் பேரேடு கம்ப்யூட்டருக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நல்ல காரியம்தான். தாராவி மழையில் ஊறிப்போன ரசீதுக் கட்டுகளைக் கண்டவர்கள் யாரும் பழைய நோட்டே போதும் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் உள்ளதை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யார் அழிக்கலாம் என்று இதுவரை எந்தப் பொதுக்குழுவிலும் ஒருவரும் எழுந்து கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்றைய நிலை என்ன? எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட். அதுவும் மேசைக்கு மேலே சுவரில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. செயலாளர் நுழைவதும் அதில்தான், சந்தா வசூலிக்கும் தம்பி நுழைவதும் அதில்தான், மெஷினைப் பழுதுபார்க்க வருகிறவர் நுழைவதும் அதில்தான்.

இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். சென்ற ஆண்டு நம் உறுப்பினரான கொத்தனார் ஒருவர் இறந்தார். மரண சகாய நிதி கேட்டு அவர் மனைவி வந்தபோது, பதினோரு மாதச் சந்தா பாக்கி என்று திரை காட்டியது. அந்த அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போய், டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த ரசீதுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். பணம் கட்டப்பட்டிருந்தது, பதிவுதான் இல்லை. வேண்டுமென்றே அழித்தார்களா, கை தவறியதா? யாராலும் சொல்ல முடியவில்லை. எல்லோரும் ஒரே பெயரில் நுழையும் இடத்தில் தவறு செய்தவனும் அகப்படமாட்டான், செய்யாதவனும் தப்பமாட்டான். வசூல் செய்த தம்பி மூன்று வாரம் நம் எல்லோர் பார்வையிலும் திருடனாக நின்றான். அந்தப் பாவத்தில் அன்றைய செயற்குழு முழுவதற்கும் பங்கு உண்டு. அதில் நானும் இருந்தேன்.

பழைய கணக்குப்பிள்ளைகள் நம்மைவிட விவரமானவர்கள். பேரேட்டில் தப்பாக விழுந்த தொகையைச் சுரண்டி அழிக்கமாட்டார்கள். குறுக்கே கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுவார்கள். கம்ப்யூட்டரிலும் இதற்கு வழி இருக்கிறது. பார்ப்பது, சேர்ப்பது, திருத்துவது, அழிப்பது ஆகிய நான்கும் அங்கே தனித்தனி உரிமைகள். ‘கிராண்ட்’ என்ற கட்டளையால் கொடுக்கலாம், ‘ரிவோக்’ என்ற கட்டளையால் திரும்பப் பெறலாம். இவற்றை ஆளுக்கு ஆள் கொடுக்காமல் பொறுப்புக்குக் கொடுப்பதே நல்லது. ‘வசூலாளர்’ என்று ஒரு பொறுப்பு. அதற்குச் சந்தாவைச் சேர்க்கும் உரிமை உண்டு, அழிக்கும் உரிமை இல்லை. ஆள் மாறினால் பழையவர் பெயரை அன்றே நீக்கிப் புதியவரைச் சேர்த்தால் போதும். எப்போதோ ஊருக்குப் போனவரின் கையில் இன்னும் சாவி இருக்காது.

புரோகிராம் எழுதிக் கொடுத்தவர், “அழிக்கும் பொத்தானை மறைத்துவிட்டேன், கவலை வேண்டாம்” என்றார். கதவுக்கு முன்னால் திரை தொங்கவிட்டால் அது பூட்டாகுமா? பின்னால் உள்ள டேட்டாபேஸுக்குள் எல்லோரும் முழு அதிகாரத்துடனே போகிறார்கள் என்றால், விவரம் தெரிந்தவன் பொத்தானைத் தேடப்போவதில்லை.

நமக்குள்ளே என்ன சந்தேகம், இது அவநம்பிக்கை அல்லவா என்று சில பெரியவர்கள் வருந்துகிறார்கள். பம்பாய்த் தமிழன் பட்டியல் என்ற சொல்லை மறக்கலாமா? 1960இல் தொடங்கிய ‘மார்மிக்’ வார இதழ், கம்பெனிகளில் வேலை பார்த்த தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக அச்சிட்டது. 1966இல் சிவசேனை பிறந்தது. அதன் பிறகு நம்மவர் கடைகளும் ஓட்டல்களும் பட்ட பாட்டை வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வெறும் பெயர்ப் பட்டியலுக்கே அந்த வலிமை இருந்தது. நம் பேரேட்டில் சொந்த ஊர், அறை எண், போன், ஆதார், வங்கிக் கணக்கு, எந்த மேஸ்திரியிடம் வேலை என்பது வரை இருக்கிறது. சங்கத்தில் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று அறிய எந்தக் காண்ட்ராக்டர் விரும்பமாட்டார்?

2018 ஜனவரியில் ‘தி டிரிபியூன்’ நாளேடு, 500 ரூபாய் கொடுத்து ஆதார் விவரங்களைப் பார்க்கும் லாகின் ஒன்றைத் தன் நிருபர் வாங்கியதாக எழுதியது. கைரேகைப் பதிவுகள் பத்திரமாக உள்ளன, தரவு கசியவில்லை என்று ஆதார் ஆணையம் மறுத்தது. அந்தச் செய்தியின்படி யாரும் பூட்டை உடைக்கவில்லை. சாவிதான் விலைக்கு வந்தது.

ஆகவே வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்வேர்ட். வசூலாளருக்குப் பெயரும் சந்தாவும் மட்டும் தெரியட்டும், ஆதாரும் வங்கிக் கணக்கும் வேண்டாம். பணப் பதிவை அழிக்கும் உரிமை செயலாளர் உட்பட எவருக்கும் கூடாது. தவறு நேர்ந்தால் எதிர்ப்பதிவு போடட்டும். உரிமைகளை வழங்கும் அட்மின் பொறுப்பில் இருப்பவர் பணத்தைத் தொடக்கூடாது. யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியலை ஆண்டறிக்கையில் வரவு செலவோடு சேர்த்து அச்சிட வேண்டும். உறுப்பினர் எவரும், அந்தக் கொத்தனாரின் மனைவியைப் போன்றவர்களும், தங்கள் கணக்கைக் கேட்டுப் பார்க்க வழி வேண்டும்.

பொதுக்குழு கூட இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதுவரை சுவரில் ஒட்டியுள்ள அந்தச் சீட்டையாவது யாராவது கிழித்தெறியுங்கள்.