சிரிக்கப் பயப்பட வேண்டாம்!

புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகச் சென்னைக்கு பஸ்ஸில் போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். உறவினர் கல்யாணத்துக்கு விடியற்காலையில் பஸ் ஏற வேண்டும் என்றால், முதல் நாள் இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. காலையில் காபியும் வேண்டாம் என்பார்கள். பையில் ஒரு மாற்றுப் புடவை இருக்கும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மணமேடையைத் தேடுவதற்கு முன்பே, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கண்கள் தேடும். எல்லோரும் குலுங்கிச் சிரிக்கும்போது இவர்கள் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இருமினால், தும்மினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் சில சொட்டு சிறுநீர் கசிந்துவிடுவதுதான் காரணம். கணவரிடம் சொன்னதில்லை, மகளிடம் சொன்னதில்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னாலும், “மூணு புள்ள பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்ற பதில்தான் வரும்.

அது சரியான பதில் இல்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும், மாதவிலக்கு நின்ற பிறகும் பலருக்கு இந்தப் பிரச்னை வருவது உண்மை. அதற்காக அதைப் பொறுத்துக்கொண்டே வாழ வேண்டும் என்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு முதல் சிகிச்சையே கத்தியும் ஊசியும் இல்லாத ஒன்று: தசைக்கான பயிற்சி.

தளர்வது எது?

இடுப்பெலும்புக் கூட்டின் அடிப்பகுதியில், முன்பக்கம் இருக்கும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை ஒரு தசைப்படலம் தூளி கட்டியதுபோல விரிந்திருக்கிறது. இடுப்புத்தளத் தசைகள் என்பது இதன் பெயர். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இதுதான். சிறுநீர்ப் பாதையை இறுக்கி மூட உதவுவதும் இதுதான்.

சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வர, இந்தத் தசைகள் மிக அதிகமாக விரிந்துகொடுக்கின்றன. பிரசவ வலி நீண்டுபோனாலோ, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தாலோ பாதிப்பு கூடுதலாக இருக்கலாம். உடல் பருமன், விடாத இருமல், மலச்சிக்கலால் தினமும் முக்குவது, பாரம் தூக்கும் வேலை எல்லாம் அந்தத் தூளியைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதும் சேர்ந்துகொள்கிறது. புராஸ்டேட் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண்களுக்கும் இதே கசிவு வருவதுண்டு.

வயிற்றுக்குள் அழுத்தம் கூடும்போது கசிந்தால் அது அழுத்தக் கசிவு. திடீரென்று அடக்க முடியாத அவசரம் வந்து, கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கசிந்தால் அது அவசரக் கசிவு. சிலருக்கு இரண்டும் கலந்திருக்கும். எந்த வகை என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும்.

பிரான்ஸில் மகளுக்குக் கிடைப்பது

புதுச்சேரிக்காரர்கள் பலருக்கு ஒரு விஷயம் நேரிலேயே தெரிந்திருக்கும். 1962-ல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததையொட்டி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. ‘சொல்தா’ வீடு என்று ஊரார் அழைக்கும் வீடுகளில், பிரான்ஸில் இருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ பிள்ளைப்பேறு பார்க்கப் போய்வந்த அம்மாக்கள் இருப்பார்கள்.

அங்கே பிரசவமாகி 6 முதல் 8 வாரங்களில் தாய்க்கு ஒரு பரிசோதனை நடக்கும். இடுப்புத்தளத் தசைகளுக்கு மீள்பயிற்சி தேவை என்றால், வழக்கமாகப் பத்து அமர்வுகள் எழுதித் தருகிறார்கள். பயிற்சி கொடுப்பவர் மருத்துவச்சியாகவோ பிசியோதெரபிஸ்டாகவோ இருப்பார். செலவை அந்நாட்டின் சமூகப் பாதுகாப்புக் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. கசிவைப் பற்றிக் கேட்பதும் சொல்வதும் அங்கே வெட்கப்படும் விஷயம் இல்லை. தடுப்பூசி அட்டவணைபோலப் பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பில் ஒரு பகுதி.

நம் வீடுகளிலும் பிள்ளை பெற்றவளுக்குக் கவனிப்பு குறைவில்லை. பத்தியச் சாப்பாடு உண்டு, மருந்துக் குழம்பு உண்டு, எண்ணெய்க் குளியல் உண்டு, வயிற்றில் துணி கட்டுவதும் உண்டு. ஆனால், துணி கட்டுவது அடியில் இருக்கும் தசைக்குப் பயிற்சி தராது. “இருமினா கசியுதாம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்பதுதான் அந்தப் பட்டியலில் விடுபட்டுப்போனது.

கெகல் காட்டிய வழி

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் மகளிர் நோய் மருத்துவராக இருந்த அர்னால்ட் கெகல், 1948-ல் இந்தப் பயிற்சியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். கை, கால் தசைகளைப்போலவே இந்தத் தசையையும் பயிற்சியால் பலப்படுத்தலாம் என்பது அவர் வாதம். பெண் எவ்வளவு இறுக்குகிறார் என்பதைத் தானே முள் அசைவில் பார்த்துக்கொள்ள, அழுத்தமானி ஒன்றையும் அவர் உருவாக்கினார். ‘கெகல் பயிற்சி’ என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

அதன் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். உலகெங்கும் நடந்த 31 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் அமைப்பு 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அழுத்தக் கசிவு இருந்தவர்களில், பயிற்சி செய்தவர்களில் 56 சதவிகிதம் பேர் கசிவு முழுக்க நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். பயிற்சி செய்யாதவர்களில் அப்படிச் சொன்னது 6 சதவிகிதம் பேர்தான்.

எப்படிச் செய்வது?

சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முழங்கால்களை மடித்து மல்லாந்து படுத்துக்கொள்ளலாம். வாயுவையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல நினைத்து, அடிப்பகுதியை உள்நோக்கியும் மேல்நோக்கியும் இழுக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. தொடை, பிட்டம், வயிறு இறுகக் கூடாது.

தொடக்கத்தில் மூன்று விநாடி இறுக்கி, அதே அளவு நேரம் முழுமையாகத் தளர்த்தினால் போதும். வாரங்கள் செல்லச் செல்லப் பத்து விநாடி வரை கூட்டலாம். ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. இதோடு, சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவதையும் சில முறை சேர்த்துக்கொள்ளலாம். பழகிவிட்டால், கடையில் வரிசையில் நிற்கும்போதும், சீரியல் பார்க்கும்போதும் செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

நான்கு நாள் செய்துவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் தசை வலுப்படும்.

தும்மல் வருகிறது என்று தெரிந்த நொடியில், முதலில் அந்தத் தசையை இறுக்கிவிட்டு அப்புறம் தும்மலாம். குடத்தையோ குழந்தையையோ தூக்குவதற்கு முன்பும் அப்படியே. இந்தச் சின்ன உத்தியைக் கற்றுக்கொண்ட பெண்களுக்கு ஒரே வாரத்தில் கசிவு குறைந்ததை 1998-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

யோகா தெரிந்தவர்களுக்கு மூலபந்தம் நினைவுக்கு வரலாம். இறுக்கும் இடம் ஏறக்குறைய அதுதான். ஆனால், மூச்சை நிறுத்திச் செய்து பழகியவர்கள், இந்தப் பயிற்சியில் இயல்பாக மூச்சு விட வேண்டும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள்

வாயால் சொல்லிக்கொடுத்தால் எத்தனை பேர் சரியாகச் செய்கிறார்கள் என்று 1991-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 47 பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் செய்த விதம் கசிவைக் கூட்டக்கூடியதாக இருந்தது. மேலே இழுப்பதற்குப் பதிலாக, மலம் கழிப்பதுபோலக் கீழே முக்குவது அடிக்கடி நடக்கும் தவறு.

அதனால், வீடியோ பார்த்துத் தொடங்கினாலும், ஒரு முறையாவது பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடமோ மருத்துவரிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதைத் தினசரிப் பயிற்சியாக வைத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீர்ப்பை முழுவதுமாகக் காலியாகாமல் போகலாம்.

அவசரமாக வருபவர்களுக்கு

‘எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடலாம்’ என்று அரை மணிக்கு ஒரு முறை போனால், சிறுநீர்ப்பை கொஞ்சம் நிரம்பியதுமே அவசரப்படுத்தப் பழகிவிடும். அதைத் திரும்பப் பழக்குவதும் ஒரு சிகிச்சைதான். இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால், அடுத்த வாரம் ஒன்றேகால் மணி நேரம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி வரை போகலாம். நடுவில் அவசரம் வந்தால் ஓடாமல், நின்ற இடத்தில் நின்று அல்லது உட்கார்ந்து, அடித்தசையை நான்கைந்து முறை இறுக்கிவிட்டால், அந்த அவசரம் அலைபோல வந்து அடங்கும். பிறகு நிதானமாக நடந்து போகலாம். இதற்குக் குறைந்தது ஆறு வாரம் தேவை.

தண்ணீரைக் குறைப்பது தீர்வு இல்லை. சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் கூடும். மலச்சிக்கல் வந்தால் கசிவும் கூடும். குறைக்க வேண்டியது காபியும் டீயும்தான். எடை குறைத்தாலும் பலன் உண்டு. உடல் பருமன் உள்ள 338 பெண்களிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், உடல் எடையில் சராசரியாக 8 சதவிகிதம் குறைத்தவர்களுக்கு, வாரத்தில் கசியும் தடவைகள் ஏறக்குறைய பாதியாகின. பி.பி. மாத்திரையால்தான் அடிக்கடி சிறுநீர் வருகிறது என்று தோன்றினால், தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இயந்திரமும் லேசரும்

தசையைத் தானாக இறுக்கவே முடியாதவர்களுக்கு, மெல்லிய மின்தூண்டல் கொடுத்து அந்த உணர்வை வரவழைக்கலாம். இறுக்கத்தைத் திரையில் காட்டும் கருவிகளும் உண்டு. கருப்பை கீழிறங்கியவர்களுக்கு, உள்ளே பொருத்தித் தாங்கும் சிலிக்கான் வளையம் அறுவை சிகிச்சை இல்லாமலே நிம்மதி தரலாம்.

உட்கார்ந்தாலே போதும் என்று விளம்பரம் செய்யப்படும் காந்த நாற்காலிகள் பயிற்சிக்கு மாற்று இல்லை. பெண்ணுறுப்பில் லேசர் சிகிச்சை செய்து கசிவைச் சரிசெய்வதாகக் கூறும் விளம்பரங்களில் கூடுதல் கவனம் தேவை. சிறுநீர்க் கசிவுக்காக இந்தக் கருவிகளுக்கு ஒப்புதல் தரவில்லை என்றும், தீக்காயம், வலி போன்ற பாதிப்புகள் வரலாம் என்றும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 ஜூலையில் எச்சரித்தது. பெரிய தொகை கட்டுவதற்கு முன், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது நல்லது.

எங்கே போவது? என்ன சொல்வது?

புதுச்சேரியில் இதற்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. கோரிமேட்டில் ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, நகருக்குள்ளேயே இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை என்று அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலில் மகளிர் நோய் மருத்துவரைப் பார்த்து, பிசியோதெரபிக்கு எழுதித் தரும்படி கேட்கலாம்.

கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லத் தயக்கமாக இருந்தால், மூன்று நாள் கணக்கைத் தாளில் எழுதிக் கொண்டுபோகலாம். எப்போது, எவ்வளவு குடித்தது, எத்தனை முறை சிறுநீர் போனது, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்பது போதும். மருத்துவருக்கு அந்தத் தாளே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சியைத் தொடங்கிக் காத்திருக்கக் கூடாது. சிறுநீரில் ரத்தம், எரிச்சலுடன் காய்ச்சல், இரவு பகலாக நிற்காத கசிவு, அடியில் ஏதோ இறங்கி வெளியே வருவதுபோன்ற உணர்வு ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் கழிக்கவே முடியாமல் போனாலோ, திடீரென்று கால்கள் மரத்துப் பலவீனமானாலோ அன்றைக்கே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால் மருந்தும் உண்டு, அறுவை சிகிச்சையும் உண்டு. அவை அடுத்த படிகள். முதல் படியில் கால் வைக்காமலே பத்து, இருபது வருடம் கல்யாணம், கோயில், பேரன் பேத்தியோடு கடற்கரை நடை என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுப்பதுதான் பெரிய இழப்பு. வீட்டில் பிள்ளை பெற்ற மகளோ மருமகளோ இருந்தால், பத்தியக் குழம்பு பரிமாறும்போதே அந்தக் கேள்வியையும் கேட்டுவிடலாம். கேட்கிற மாமியாரே, “எனக்கும் உண்டும்மா, ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ப் பார்த்துட்டு வருவோம்” என்று சொன்னால் இன்னும் நல்லது.