பார்வதியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள்

திண்டிவனத்தில் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். பனமலைப் பார்வதியின் படம் எங்கே அச்சாகியிருந்தாலும் எடுத்துப் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் ஒரே ஆதங்கம்தான். பெரும்பாலும் அம்மனை மட்டும் தனியாகக் கத்தரித்துப் போட்டிருப்பார்கள்.

விழுப்புரத்துக்கு வடமேற்கே, பனமலைக் குன்றின் மேல், ராஜசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய தாளகிரீஸ்வரர் கோயில் இருக்கிறது. அதன் வடபுறச் சிற்றாலயத்துக்குள் சுவரோவியமாக இருக்கிறாள் அந்தப் பார்வதி. உயர்ந்த மகுடம், தலைக்கு மேலே குடை. ஒரு காலை மடக்கி, தலையைச் சாய்த்து நிற்கிறாள். குடை அரசுரிமையின் அடையாளம். அரசன் கட்டிய கோயிலில் தேவிக்கும் அது உரியது. ஆனால் அந்தத் தலைச்சாய்வு?

மாணவர்களை அங்கே கூட்டிப்போனபோது ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "சார், இந்தம்மா யாரப் பாக்குறாங்க?"

அந்த ஓவியத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே சிறந்த கேள்வி இதுதான். அருகே பல கைகளோடு சிவன் ஆடிக்கொண்டிருந்தார். இன்று எஞ்சியிருப்பது மங்கிய தடங்கள்தான். அவள் அந்த ஆட்டத்துக்குச் சாட்சி. தில்லையில் நடராசர் ஆட்டத்துக்குச் சிவகாமி சாட்சியாக நிற்பதும் இப்படித்தான். ஆடுபவரை மறைத்துவிட்டால், அவள் அழகான வளைவோடு நிற்கும் யாரோ ஒரு பெண்.

கத்தரித்தால் என்ன இழப்போம் என்பதற்கு இன்னோர் ஓவியத்தைப் பாருங்கள். டச்சு ஓவியர் வெர்மீர் 1664 வாக்கில் தராசு பிடித்த பெண் ஒருத்தியை வரைந்தார். ஓவியம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மேசையில் முத்துகள் கிடக்கின்றன. தராசுத் தட்டுகளில் பொன்னோ முத்தோ இருப்பதாக வெகுகாலம் நினைத்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டு தட்டுமே காலி என்று தெரிந்தது. அவளுக்குப் பின்னால், சுவரில் மாட்டிய ஓவியத்தில், கிறித்தவர்களின் இறுதித் தீர்ப்பு நாள். உயிர்களை நிறுக்கும் நாளுக்கு முன்னால் ஒரு பெண் வெறுந்தராசைச் சமன் செய்கிறாள். அந்தச் சுவரைக் கத்தரித்தால் முத்து எடை போடும் வீட்டுக்காரிதான் மிஞ்சுவாள். அப்படி யாரும் கத்தரித்து நான் பார்த்ததில்லை. நாம் மட்டும் ஏன் செய்கிறோம்? சிதைந்த பகுதி பார்க்க நன்றாக இல்லை என்பதற்காகவா?

எனக்கு அந்தச் சிதைவும் வேண்டும். பனமலை ஓவியத்தை அச்சிடுபவர்கள் மங்கிய சுவரையும் சேர்த்தே அச்சிடட்டும். எஞ்சிய தடங்களை வைத்து முழுக் காட்சியையும் கோட்டோவியமாக்கிக் குன்றின் அடிவாரத்தில் வைக்கலாம். விழுப்புரம், திண்டிவனம் பள்ளிகளின் ஓவிய வகுப்புகளில் பார்வதியை வரையச் சொல்லும் ஆசிரியர்களே, தாளில் அவளுக்குப் பக்கத்தில் சிவனுக்கும் இடம் விடச் சொல்லுங்கள். அவர் எப்படி ஆடியிருப்பார் என்பதைப் பிள்ளைகளே வரையட்டும்.