துளை போட்ட அட்டையும் குடைந்த மலையும்

டிசைன் படிப்பில் முதல் வருடம் சேருகிறவர்களுக்கு டிராயிங் பிடிக்கிறது. கோடிங் என்றால் கசக்கிறது, கட்டடக்கலை வரலாறு என்றால் தூக்கம் வருகிறது. மூன்றையும் ஒட்டாமல் தனித்தனியாக நடத்தினால் வேறென்ன நடக்கும்?

சேலம் பக்கம் இளம்பிள்ளையில் ஜக்கார்டு அட்டை ஓடும் தறி ஒன்றைக் காட்டலாம். புடவைக் கரையில் வரும் அன்னத்தை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். பிறகு அட்டையில் துளை. துளை இருந்தால் பாவு நூல் மேலே எழும், இல்லாவிட்டால் எழாது. ஒன்று, பூஜ்யம், அவ்வளவுதான்! ஒரு அட்டை வரிசை மாறினால் அன்னத்தின் கழுத்து ஒடிந்துவிடும் (பிழை தேடப் பழக இதைவிட நல்ல வகுப்பு ஏது?). பிரான்சில் 1804 வாக்கில் ஜக்கார்டு கொண்டுவந்த இந்த அட்டை முறையைத்தான் பின்னாளில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார்.

வரலாற்றுக்கு அப்படியே பஸ் ஏறி நாமக்கல் போகலாம். 8ஆம் நூற்றாண்டில் அதியமான் மரபினர் குடைந்த நரசிம்மர், ரங்கநாதர் குகைக் கோயில்கள் அங்கே இருக்கின்றன. குடைவரையில் தூணை நடுவதில்லை. தூண் அல்லாத கல்லை வெட்டி எடுக்கிறார்கள். உளி தப்பினால் அழிக்க ரப்பர் கிடையாது. டிராயிங் முடிந்த பிறகுதான் வேலையே.

பௌஹவுஸ் 1919-ல் தொடங்கியது என்று ஒப்பிப்பதில் தப்பில்லை. அங்கேயும் நெசவுப் பட்டறை இருந்ததே! ஆனால் தறிவீட்டுப் பிள்ளை ஒருத்தி, கோடிங் நமக்கு வராது என்று கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்காருவதுதான் கொடுமை. வீட்டில் அவள் அப்பா தினமும் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.