பாவையைத் தள்ளிவிட்டா கொல்லிமலையை எழுதுவது?

கொல்லிமலையைப் பற்றி நாவல் எழுத வருகிறவர் முதலில் அந்த மலையின் தொன்மப் பெண்ணான கொல்லிப்பாவையைத் தலைமுழுக வேண்டுமாம். தொன்மம் என்பது வலிக்குப் பயந்து ஒளிகிற பொந்து என்கிறார் ஒரு விமர்சகர். துணைக்கு ஹீப்ரு எழுத்தாளர்களை வேறு அழைக்கிறார்: போரையும் படுகொலையையும் அவர்கள் தொன்மம் கலக்காமல் நேரடியாக எழுதினார்களாம். கொல்லிமலைச் செம்மேட்டில் உட்கார்ந்து இதைப் படித்த எனக்குக் கோபம்தான் வந்தது. தாம் அழைத்த சாட்சியையே அவர் படிக்கவில்லை.

டேவிட் கிராஸ்மன் 1986இல் வெளியிட்ட 'காண்க: அன்பு' நாவலில் மோமிக் என்றொரு ஒன்பது வயதுப் பையன் வருகிறான். பெரியவர்கள் பேச்சில் அடிபடும் 'நாஜி மிருகம்' நிஜமாகவே ஒரு விலங்கு என்று நம்புகிறான். அதை வரவழைத்துப் பழக்கிவிடலாம் என்று நிலவறையில் பிராணிகளை அடைத்துவைத்துக் காத்துக் கிடக்கிறான். நாஜி முகாம்களிலிருந்து தப்பிவந்தவர்கள் பிள்ளைகளிடம் சொல்லாமல் விழுங்கியதெல்லாம் அந்த இருட்டில்தான் மூச்சுவிடுகிறது. இதுவா தொன்மம் கலக்காத எழுத்து? ஏ.பி. யெஹோஷுவாவின் 'காடுகளின் எதிரே' கதையில் நாக்கு அறுபட்ட ஓர் அரபுக் கிழவர் இருக்கிறார். நட்டு வளர்த்த காட்டுக்கு அடியில் அவருடைய ஊர் கிடக்கிறது. காடு எரிந்த பிறகுதான் ஊர் தெரிகிறது.

இங்கே மட்டும் என்ன குறை? இந்த மலையை ஆண்ட ஓரியைக் காரி கொன்றான். மலை சேரன் கைக்குப் போனது. ஆடியில் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறோம். அவன் கொடையைப் பேசுகிறோம், வில்லைப் பேசுகிறோம். கொலைக்கு வந்ததும் வாய் அடைத்துப்போகிறது. நற்றிணையில் பாவை காற்றுக்கும் இடிக்கும் அழகு குலையாதவள். பின்னால் வந்த கதைகளில் சிரித்தே ஆளைக் கொல்கிறாள். அழகுப் பதுமை கொலைகாரியானது எப்போது? எவர் மலையேறி வந்ததற்குப் பிறகு? அதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் நாவலாசிரியன் கைவைக்க வேண்டிய இடம் அதுதான். அந்த இடத்தைத்தான் இந்த விமர்சகர் மண்போட்டு மூடச் சொல்கிறார்.

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் இன்னொரு கதை உண்டு. காஞ்சியை விட்டுப் புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன், பச்சைமலை, கொல்லி என்று மூன்று மலைகளில் பிரிந்து தங்கினார்கள் என்பது. ஊரை இழந்தவர்களின் கதை அது. அதையும் பொய்யென்று அடித்துவிட்டால், நாம் எப்படி இங்கே வந்தோம் என்று கேட்கும் பேரப்பிள்ளைக்கு இந்த மலைப் பாட்டி எதைச் சொல்வாள்?