புது நெல் இலையிலும் தேறட்டும்

புதிய நெல் ரகம் ஒன்று நம் வட்டாரத்திற்கு வந்தால், நாம் முதலில் கேட்பவை மூன்று: எத்தனை நாள் பயிர்? ஏக்கருக்கு எத்தனை மூட்டை? காற்றுக்கும் மழைக்கும் சாயுமா? கேட்கவேண்டியவைதாம். ஆனால் சோறு எப்படி இருக்கும் என்று கேட்பவர் அரியர்.

1966-இல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8, விளைச்சலில் உலகையே வியக்க வைத்தது. பஞ்ச பயத்தைப் போக்கிய அந்நெல்லின் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. எனினும் அதன் அரிசி பருமனானது; நடுவே சுண்ணாம்பு போன்ற வெண்மை; அரைவையில் நொய் மிகுதி; அமிலோஸ் என்னும் மாவுச்சத்து மிகுந்திருந்ததால் ஆறிய சோறு விறைத்தது. வயலில் வென்றது இலையில் தோற்றது. மலேசியாவின் மாசூரி வழிவந்த பொன்னியோ உயர்ந்து வளர்ந்து சாயும் இயல்புடையது. ஆயினும் சோற்றின் மென்மையால் வீடுதோறும் இடம்பெற்றது.

இன்று நம் சுற்றுப்பயணத்தில் காண்பது என்ன? விளைவிப்பது ஒன்று, கடையில் வாங்கி உண்பது வேறொன்று என்றிருக்கும் குடும்பங்கள் பல. விவசாயியைக் குறை சொல்வதற்கில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ரகத்தையும் ஈரப்பதத்தையும் பார்க்கிறார்கள். சுவைக்கு அங்கே இடமில்லை. ஆராய்ச்சி நிலையங்கள் சமையல் தரத்தைச் சோதிக்கின்றன. ஆனால் நம் அடுப்பும் நம் பழக்கமும் அங்கே இல்லை.

ஒரு சங்கத்தில் இரண்டு ரகங்களைச் சமைத்துப் பரிமாறினார்கள். சூட்டில் உண்ட அனைவரும் சன்ன அரிசியையே புகழ்ந்தோம். மறுநாள் காலை பழையதைப் பிழிந்தபோது அது கூழாகிக் கிடந்தது. பருமனான அரிசி பருக்கை குலையாமல் நின்றது. நடவுக்குப் புறப்பட்ட பெண்கள் தயங்காமல் பின்னதையே கேட்டார்கள். முதல் நாள் நாம் சொன்ன தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்று அப்போது உணர்ந்தோம். தறியிலிருந்து இறங்கிய சேலையைக் கண்டு மட்டும் தரம் சொல்வதில்லையே. நனைந்த பின் சாயம் நிற்கிறதா என்று பார்க்கும் நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நம் யோசனை இது. விதைக்கு வேண்டுகோள் அனுப்பும் முன், ஒவ்வொரு சங்கமும் ஒரு சுவைச் சோதனை நடத்தட்டும். ஒப்பிடும் நெல்கள் ஒரே பருவத்தில் அறுவடையானவையாக இருத்தல் வேண்டும்; புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரியாக நிற்கும் என்பதை இல்லத்தரசிகள் அறிவார்கள். ஒரே முறையில் புழுக்கி, ஒரே ஆலையில் அரைக்க வேண்டும். பெயரை மறைத்து எண் மட்டும் இடவேண்டும். சூடாக ஒரு முறை, ஆறிய பின் ஒரு முறை, மறுநாள் பழையதாக ஒரு முறை உண்டு பார்க்கவேண்டும். தீர்ப்புச் சொல்வோரில் சமைக்கும் பெண்களும், வயலில் உழைப்போரும், கூலியில் அரிசி வாங்கும் நெசவாளரும் இருத்தல் அவசியம்.

சுவைக்கு விலை கிடைக்குமா என்று சிலர் கேட்கலாம். கொள்முதலில் கிடைக்காது. ஆனால் விளைவிப்போரும் வாங்கி உண்போரும் ஒரே சங்கத்தில் அங்கத்தினராக இருக்கையில், நல்ல அரிசியை இருவரும் நேராகவே பேசி முடித்துக்கொள்ளலாம். மகசூலை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. மகசூலில் தேறியவற்றுள் உண்ணத் தகுந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். வரும் குறுவைக்கு முன் நிர்வாகக் குழுக்கள் இதனைப் பொதுக்கூட்டத்தில் வைத்துத் தீர்மானிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.