வெளிறிய கன்றும் இரும்பு மருந்தும்

மூதூர்க் கமக்காரருக்கு வயலெருவும் பாலும் தருவது மாடு. கன்றின் கண்ணிமை உட்புறம் வெளிறினால் குருதி குறைந்ததென்று அறியலாம். ஆனால், இரும்பு மருந்து ஒன்றே போதுமெனக் கொள்ளுதல் தவறு.

குருதியில் இரும்பைச் சுமந்து செல்வது திரான்சுபெரின் என்னும் புரதம். இரும்புச்சத்துக் குறையும்போது இது பெருகுவதும், அழற்சியின்போது குறைவதும் இயல்பு. மாட்டின் இப்புரதத்துக்கென ஆக்கப்பட்ட பிறபொருளெதிரி அதனைப் பற்றிக்கொண்டு அளவைக் காட்டும். கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஆய்வுகூடங்களுக்குரிய வேலை அது.

அதற்கெனக் கமக்காரர் காத்திருத்தல் வேண்டா. உண்ணியும் குடற்புழுவும் குருதியை உறிஞ்சுகையில் இரும்பு மட்டும் ஊட்டுவது, வரம்புடைந்த வயலுக்கு நீரிறைப்பதையொக்கும். முதலில் உண்ணியை ஒழித்து, சாணத்தை மிருக வைத்தியரைக் கொண்டு சோதிப்பித்து, அதன்பின் அவர் சொற்படி மருந்தளித்தலே முறையாகும்.