தொண்டையால் அல்ல, மூச்சால் பாடுங்கள்!

'சந்திரபாபு மாதிரி பாடணும், சினாட்ரா மாதிரி பாடணும்' என்று ஆசைப்படும் பிள்ளையை, 'படிக்கிற வேலையைப் பாரு' என்று அடக்கிவிடாதீர்கள். நல்ல ஆசைதான் அது. கற்றுக்கொள்ளும் வழிதான் பல வீடுகளில் தப்பாக இருக்கிறது.

புழலில் என்னிடம் குரல் கம்மலோடு வரும் இளைஞர்களில் மெல்லிசைக் குழுவில் பாடுபவர்களும், செல்போனில் கரோக்கி போட்டுப் பாடுபவர்களும் உண்டு. ஜி.என்.டி. சாலை லாரி இரைச்சலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஈடாகக் கத்துகிறார்கள். கரகரப்பு வந்தால்தான் 'ஸ்டைல்' என்று வேண்டுமென்றே தொண்டையை இறுக்குகிறார்கள்.

உண்மையில் அந்தப் பாணி கத்தும் பாணியே அல்ல. 1930களில் பெரிய வாத்தியக் குழுவின் முன்னால் நின்றவர்கள் மைக்கை நம்பி, பேசுவதுபோல மென்மையாகப் பாடினார்கள். 1940ல் டாமி டார்சியின் குழுவில் சேர்ந்த சினாட்ரா, டார்சி டிராம்போன் ஊதும்போது மூச்சை எப்படிச் சேமிக்கிறார் என்று கவனித்தே நீண்ட வரிகளை ஒரே மூச்சில் பாடப் பழகினார். நம் தூத்துக்குடி ஜே.பி. சந்திரபாபுவின் 'யோடலிங்'கிலும் குரல் சட்டென்று மேலே தாவி இறங்குகிறது. இறுகிய தொண்டைக்கு அது வருமா?

அதே சினாட்ராவுக்கு 1950ல் குரல்நாணில் ரத்தம் கசிந்து மேடையிலேயே குரல் அற்றுப்போனது. பேசாமல் மௌனமாக இருந்துதான் மீண்டார். பெரிய பாடகருக்கே அந்தக் கதி!

சித்த மருத்துவத்தில் குரலை உதானன் என்னும் மேல்நோக்குங்காலோடு சேர்த்துச் சொல்வோம். காற்று சீரானால் குரல் சீராகும். தினமும் காலையில் நிமிர்ந்து உட்கார்ந்து, வயிறு விரிய மூக்கால் மூச்சிழுத்து, 'ஸ்ஸ்' என்று மெதுவாக விடுங்கள். 10 நிமிடம் போதும். பிறகு தாழ்ந்த குரலில் அகார சாதகம். பாட்டு அதற்கப்புறம்தான்.

'மருந்து ஏதாவது கொடுங்க டாக்டர்' என்பார்கள். அதிமதுரம் தொண்டைக்கு இதம்தான். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணை நேராகத் தொடாது. அது மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கிறது. அதிமதுரம் அளவு மீறினால் ரத்த அழுத்தமும் ஏறும். நிறையத் தண்ணீர், ஆவி பிடித்தல், ஓய்வு, இவைதான் முதல் மருந்து. கம்மலின்போது கிசுகிசுப்பதும் கூடாது. புகை அறவே வேண்டாம்.

மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் கஷாயத்தோடு நாளைக் கடத்தாதீர்கள். காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டிக் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். சித்த வைத்தியனான நானே இதைச் சொல்கிறேன்.

பெற்றோர்களே, டியூஷனுக்கும் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் செலவழிக்கிறீர்கள். பாட ஆசைப்படும் பிள்ளைக்கு மூச்சைப் பழக்கிக் கொடுக்க ஒரு நல்ல பாட்டு வாத்தியாரையும் தேடுங்கள். மைக் பிறகு வாங்கலாம். குரலைக் கடையில் வாங்க முடியாது!